பாதி வில்லிஸ், பாதி ஃபோர்டு: ஒரு போர்க்கால ஜீப்பைப் பிரித்துப் பூட்டிய அனுபவம்

முதல் நாளே சக்கரத்தில் சிக்கிக்கொண்டேன். வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் அரை மணி நேரத்தில் கழன்று வந்துவிட்டன. இடப்பக்கம் முன் சக்கரத்தில் ஐந்து நட்டில் ஒன்றுகூட அசையவில்லை. துருதான் என்று நினைத்து எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தேன். மறுநாள் ஸ்பேனரில் மூன்றடிக் குழாயைச் செருகி, உடம்பின் எடை முழுவதையும் போட்டு அழுத்தினேன். ஒரு ஸ்டட், அதாவது நட் ஏறும் திருகுத் தண்டு, முறுகி ஒடிந்தது. கீழே விழுந்த துண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோதுதான் அதன் நுனியில் குத்தியிருந்த எழுத்து கண்ணில் பட்டது. எல். இடது மரை.

இந்த வண்டியின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். ஓடும் சக்கரமே நட்டைத் தளர்த்திவிடக் கூடாது என்று அன்று அப்படி அமைத்தார்கள். அதாவது ஒன்றரை நாளாக நான் அவற்றை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். 80 வருடப் பழைய ஸ்டட் ஒன்று என் அவசரத்தால் போயிற்று. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு, அமெரிக்க ராணுவம் 1944இல் வெளியிட்ட டிஎம் 9-803 என்ற பராமரிப்புக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தேன். ஸ்பிரிங்கை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடிக்கும் ஷாக்கிளிலும் இடது மரை உண்டு, அதை அடையாளம் காட்ட ஷாக்கிளின் கீழ்க் காலில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும் என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. தெரியாமல் கை வைத்திருந்தால் அதுவும் ஒடிந்திருக்கும்.

சக்கரத்தைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போர்க்கால ஜீப்பின் ரிம் பெரும்பாலும் இரண்டு தட்டாகச் செய்து போல்ட்டால் சேர்த்தது. நடுவில் இருக்கும் ஐந்து நட் சக்கரத்தை ஹப்போடு பிடிப்பவை. அதற்கு வெளியே வட்டமாக இருப்பவை இரண்டு தட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. டியூபில் காற்று இருக்கும்போது வெளி வட்டத்து நட்டைத் தொடவே கூடாது. ரிம் இரண்டாகப் பிளந்து பறக்கும், ஆள் பிழைப்பது கஷ்டம். வால்வ் ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் போய்விட்டதா என்று ஒரு கம்பியை விட்டுப் பார்த்த பிறகே ஸ்பேனரை வையுங்கள்.

வண்டியைக் கொடுத்தவர் வில்லிஸ் ஜீப் என்று சொல்லித்தான் கொடுத்தார். இருபது வருடம் கொட்டகைக்குள்ளேயே நின்ற வண்டி. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பின் இருக்கைக்கு அடியில் எலி வளை. போனட் மேல் யாரோ ஆசையாக அடித்த பளபளப்பான பச்சை. டாஷ்போர்டில் இருக்க வேண்டிய தகவல் தகடுகள் மூன்றும் இல்லை. வண்டி எது, எந்த வருடத்தது என்று அதன் இரும்பிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

கேட்பதற்கு முன், வில்லிஸ், ஃபோர்டு என்று இரண்டு பெயர் எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் நல்லது. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் நாலு சக்கரமும் இழுக்கும் ஒரு சிறிய வண்டி வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்கு எழுதியது. முதல் மாதிரியைக் கொடுக்க 49 நாள் கெடு. கெடுவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது அமெரிக்கன் பேன்டம் என்ற சின்ன கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்த வண்டி அது. ஆனால் 1941இல் பெரிய ஆர்டர் வில்லிஸ்-ஓவர்லாண்டுக்குப் போனதற்கு முக்கியமான காரணம் எஞ்சின். அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த பார்னி ரூஸ், 48 குதிரைத்திறன் கொடுத்துக்கொண்டிருந்த பழைய நாலு சிலிண்டர் எஞ்சினைப் பாகம் பாகமாகத் திருத்தி 60க்குக் கொண்டுவந்திருந்தார். ஒரே தொழிற்சாலையை நம்பிப் போருக்குப் போக முடியாது என்று அந்த வருடக் கடைசியில் ஃபோர்டையும் அதே வரைபடத்தை வைத்துச் செய்யச் சொன்னார்கள். வில்லிஸ் செய்தது எம்பி. ஃபோர்டு செய்தது ஜிபிடபிள்யூ. இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல். எதன் பாகமும் எதற்கும் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை.

அந்த நிபந்தனைதான் எனக்கு வந்த வேலை முழுவதற்கும் காரணம்.

ரேடியேட்டருக்கு அடியில் சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த பள்ளம் மாதிரி தகட்டை மடித்துச் செய்திருந்தால் ஃபோர்டு. மல்லாந்து படுத்து, கம்பி பிரஷால் சேற்றைத் தள்ளிப் பார்த்தேன். குழாய். வில்லிஸ் சேசிஸின் எண் இடப்பக்கச் சட்டத்தின் உள்பக்கம், பம்பருக்குப் பின்னால், ஒரு சின்னத் தகட்டில் ரிவெட் அடித்து இருக்கும். எனக்குக் கிடைத்தவை ரிவெட் இருந்த ஓட்டைகள் மட்டும்.

சரி, வில்லிஸ்தான் என்று எழுந்து எஞ்சின் பக்கம் போனேன். பிளாக்கில் குத்தியிருந்த எண் ஜிபிடபிள்யூ என்று ஆரம்பித்தது. ஃபோர்டு எஞ்சின். அப்புறம் பாடியைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட்டுகளைத் துடைத்தேன். சிலவற்றின் தலையில் எஃப் என்ற எழுத்து. ஃபோர்டு தன் தொழிற்சாலையில் செய்த பாகங்களில், போல்ட் வரைக்கும், அந்த எழுத்தைப் பதித்தது. இடப்பக்கம் கோடரியும் மண்வெட்டியும் மாட்டும் கொக்கியிலும் எஃப். பின் இருக்கையின் பிடிமானத்தில் ஒரு பக்கம் எஃப், மறு பக்கம் மொட்டை.

இந்த வண்டிகளை நெடுநாளாகச் சேகரிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். வந்து பார்த்தார். "தம்பி, சேசிஸ் வில்லிஸ் என்றால் மேலே இருப்பதும் வில்லிஸாக இருக்கணும். எஃப் போல்ட்டை எல்லாம் தனியாக எடுத்து வை. என் ஃபோர்டுக்கு ஆகும். பதிலுக்கு ஒரு வில்லிஸ் எஞ்சினே தருகிறேன்" என்றார். அவர் சொன்னதில் பேராசை எதுவும் கிடையாது. சேகரிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய அன்று வண்டி எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவருவதுதான் சரியான வேலை என்பது அவர்கள் கணக்கு. எஃப் போல்ட்டுக்காக மாதக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு. "கொஞ்சம் பொறுங்கண்ணே, போனட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

போனட்டுக்கு ஒரு வாரம் போனது. இந்த வேலை முழுவதிலும் நான் மிகவும் ரசித்துச் செய்தது அதுதான்.

பெயின்ட்டை உரிக்கும் மருந்தோ மணல் அடிப்போ போட்டால் ஒரு மணி நேரத்தில் வெள்ளி மாதிரி தகடு வந்துவிடும். அதோடு எல்லாம் போய்விடும். நான் எடுத்தது 600 எண் தண்ணீர் உப்புத்தாள், ஒரு ரப்பர் கட்டை, ஒரு வாளித் தண்ணீர், சோப்பு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், அதனால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. முகமூடி போட்டு, தண்ணீர் விட்டு, வழித்த சேற்றைத் துணியில் எடுத்துத் தனியாகக் கட்டி வைக்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் தேய்த்தேன். பளபளப்புப் பச்சைக்குக் கீழே மஞ்சள் கலந்த வெள்ளை, அதற்குக் கீழே செங்காவி ப்ரைமர், அப்புறம் இன்னொரு பச்சை, அப்புறம் மங்கிய ஆலிவ் நிறம். மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய கோடு.

ஆலிவ் நிறம் தெரிந்த இடத்தில் கையின் அழுத்தத்தைக் குறைத்தேன். பத்து முறை தேய், துடை, பார். போனட்டின் பக்கவாட்டில், பதிவு எண் எழுதும் இடத்தில், ஒரு சாம்பல் தீற்றல் வந்தது. இன்னும் நாலு தேய்ப்பில் அது வளைந்தது. 2. பக்கத்தில் ஒரு 0. இந்த வகை வண்டிகளின் ராணுவப் பதிவு எண் 20 என்றுதான் தொடங்கும், அதனால் சரியான இடத்தில் இருக்கிறேன் என்று உறுதியாயிற்று. நடுவில் யாரோ ஒரு காலத்தில் நசுங்கலை நெளிவெடுத்து வெல்டிங் வைத்து, பட்டி பூசியிருந்தார்கள். அந்த இடத்தில் எண்கள் போய்விட்டன. எண்ணின் கடைசியில் தனியாக ஒரு எஸ் எழுத்து வந்தது.

அந்த எஸ்ஸுக்குப் பொருள் உண்டு. வண்டியில் வயர்லெஸ் வைத்தால் எஞ்சினின் மின்பொறி இரைச்சல் அதில் கேட்கும். அதை அடக்குவதற்காக போனட், பாடி, எஞ்சின், சேசிஸ் எல்லாவற்றையும் செம்புப் பின்னல் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள். அப்படிச் செய்த வண்டிக்குத்தான் எண்ணோடு எஸ். போனட் கீலுக்குப் பக்கத்தில் எதற்கென்று தெரியாமல் இருந்த ஓட்டையும், அதில் சிக்கியிருந்த பச்சை பிடித்த செம்புத் தும்பும் இப்போது புரிந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். எண் எழுதிய ஆலிவ் நிறத்துக்கு அடியிலும் ஒரு ஆலிவ் நிறம் இருந்தது, கொஞ்சம் வேறு சாயலில். அந்த அடி நிறம் சேசிஸிலும் இருந்தது. எஃப் கொக்கியின் மேல் இல்லை, மேல் நிறம் மட்டுமே இருந்தது. ஆக, ராணுவத்தில் இருக்கும்போதே இந்த வண்டியைப் பிரித்து, கைக்கு வந்த பாகத்தைப் போட்டுப் பூட்டி, முழுவதும் மறுபடி நிறம் அடித்திருக்கிறார்கள். ராணுவப் பட்டறைகளில் அது அன்றாட வேலை. வண்டிகளை வரிசையாகப் பிரிப்பார்கள், பாகங்கள் ஒன்றாகக் குவியும், நல்லதை எடுத்து அடுத்த வண்டியில் போடுவார்கள். வில்லிஸா ஃபோர்டா என்று யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். பார்க்கக் கூடாது என்பதற்காகத்தானே எல்லாம் பொருந்தும்படி செய்தார்கள்.

நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணே, இந்த எஃப் போல்ட் எனக்கு முன்னாடியே வந்தது. நான் எடுத்தால் அதைப் போட்டவர் கையையும் சேர்த்து எடுத்த மாதிரி" என்றேன். அவர் வெகுநேரம் அந்தக் கோடுகளையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். "உன் வண்டி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அடுத்த வாரமே தன் ஃபோர்டின் போனட்டில் ஒரு மூலையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்த்ததாகப் போன் செய்தார்.

இனி தரை. இந்த ஜீப்புகளின் பாடி துருப்பிடிப்பதற்குத் தரைக்குக் கீழே ஓடும் தொப்பி வடிவச் சட்டங்கள்தான் பெரிய காரணம். தரைத் தகட்டுக்கு முட்டுக் கொடுக்க, அந்தச் சட்டங்களுக்குள் மரத்துண்டு வைத்திருந்தார்கள். மரம் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வருடக்கணக்கில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் தரை நன்றாகத்தான் தெரியும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், வெண்ணெயில் போவது போல் போனது. சட்டத்தை அறுத்து எடுத்தபோது உள்ளே மரம் கறுத்து, கையில் பிசைந்தால் காப்பித் தூள் போல உதிர்ந்தது.

தரையை அறுப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாடியைத் தூக்கித் தனியாக வைத்து அறுத்தால் அது விரிந்துவிடும், அப்புறம் எந்த ஓட்டையும் சேசிஸோடு சேராது. நான் பாடியைச் சேசிஸ் மேலேயே போல்ட் போட்டு வைத்து, ஏறும் வழி இரண்டிலும் ஆங்கிள் இரும்பைக் குறுக்காகத் தற்காலிகமாக வெல்டு செய்தேன். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து சுவரில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு துண்டு வெட்டிய பிறகும் திரும்ப அளந்தேன். 2 மில்லி மீட்டருக்கு மேல் மாறவில்லை.

புதுத் தகடு 1.2 மில்லி மீட்டர் கனம். தொழிற்சாலையில் அழுத்திப் பற்றவைத்த புள்ளிகள் வட்ட வட்டமாகத் தெரியும், அந்த மிஷின் என்னிடம் இல்லை. மேல் தகட்டில் 6 மில்லி மீட்டர் ஓட்டை போட்டு, அதன் வழியே கீழ்த் தகட்டோடு சேர்த்து நிரப்பி, லேசாகத் தேய்த்தால் அதே தோற்றம் வரும். பழைய புள்ளிகளின் இடைவெளியை அளந்து அதே இடைவெளியில் போட்டேன். சட்டத்துக்குள் மரம் வைப்பதா வேண்டாமா என்று பலர் பலவிதமாகச் சொல்வார்கள். நான் வைத்தேன். கெட்டியான மரத்தை இழைத்து, சூடான ஆளிவிதை எண்ணெயில் மூன்று முறை ஊறவைத்து, சட்டத்தின் உள்பக்கம் துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, இரண்டு முனையிலும் தண்ணீர் வடிய ஓட்டை விட்டேன். முதலில் செய்தவர்கள் அந்த ஓட்டையை விட்டிருந்தால் இத்தனை வண்டிகள் அழுகியிருக்காது என்று தோன்றுகிறது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். 134 கன அங்குலம், கிட்டத்தட்ட 2.2 லிட்டர். வால்வுகள் ஹெட்டில் இருக்காது, சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்குக்குள்ளேயே மேல் நோக்கி நிற்கும். ஹெட் என்பது வெறும் மூடி மாதிரிதான். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். பன்னிரண்டு நாள். தினமும் காலையில் முன்னால் இருக்கும் கைப்பிடியைச் செருகி, பலம் கொடுக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக அசைத்துப் பார்ப்பேன். எட்டாம் நாள் மயிரிழை அளவுக்கு அசைந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு முழுச் சுற்று. பொறுமையை அந்த இடது மரைதான் கற்றுக்கொடுத்திருந்தது. இல்லாவிட்டால் மூன்றாம் நாளே குழாயை மாட்டி அழுத்தியிருப்பேன், ஒரு பிஸ்டன் போயிருக்கும்.

ஹெட்டைத் தூக்கினால் இரண்டாம் சிலிண்டரில் தண்ணீர் நின்ற இடத்தில் மோதிரம் மாதிரி துரு வளையம், நகத்தில் தட்டும் ஆழத்துக்கு. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வ் திறந்த நிலையிலேயே இறுகி நின்றது. இந்த மாதிரி எஞ்சினில் வால்வ் உட்காரும் இடத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே விரல் அகலம்தான் இரும்பு. விரிசல் விட்டால் அங்கேதான் விடும். சுத்தமாகத் துடைத்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடித்தேன். சிவப்புக் கோடு தெரிந்தால் இந்த பிளாக் முடிந்தது. வெளிச்சத்தைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு எட்டு இடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. நண்பர் தருவதாகச் சொன்ன எஞ்சின் தேவைப்படவில்லை.

இறுகிய வால்வைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். தண்டு வளையும், கைடு உடையும். நான் எண்ணெய் விட்டு, சூடு காட்டி, இடுக்கியால் சுற்றிக்கொண்டே இறக்கினேன். ஒரு சாயங்காலம் முழுவதும் ஆனது. வால்வ் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது, அந்த அறையின் அடியில் ஆயில் இறங்கும் ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பூட்டாக இருக்கும் சின்னப் பாதித் துண்டுகள் கையைவிட்டு நழுவினால் நேராக ஆயில் சம்புக்குள் போய்விடும். எனக்கு இரண்டு நழுவின, இரண்டும் துணி மேலேயே விழுந்தன.

சிலிண்டரை லேத்துக்காரரிடம் கொடுத்து 0.040 அங்குலம் கூட்டிக் குடையச் சொன்னேன், அதற்கேற்ற பிஸ்டன் போட்டேன். கிராங்க் ஷாஃப்டை 0.010 குறைத்துத் தேய்த்தோம். பூட்டும்போது எனக்குப் பிடித்த கட்டம், வால்வைத் தள்ளும் டேப்பெட்டுக்கு இடைவெளி வைப்பது. கையேடு குளிர்ந்த எஞ்சினில் 0.014 அங்குலம் என்கிறது. மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கிற மூடியைத் திறந்து, இரண்டு மெல்லிய ஸ்பேனரை ஒரே கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் இடைவெளி அளக்கும் மெல்லிய தாளான ஃபீலர் கேஜை விட வேண்டும். 14 தாள் இழுத்தால் லேசான பிடிப்போடு வர வேண்டும், 15 போகவே கூடாது. எட்டு வால்வுக்கும் இரண்டு சுற்று பார்த்தேன். ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று தவணையில் 65 அடி-பவுண்டுக்குக் கொண்டுவந்தேன். பிளக் இடைவெளி 0.030, பாயிண்ட் 0.020, பற்றும் வரிசை 1-3-4-2.

முன் ஆக்சிலில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. திரும்பிக்கொண்டே இழுக்க வேண்டிய சக்கரம் என்பதால் முன் ஆக்சிலின் நுனியில் தனியாக ஒரு மூட்டு இருக்கும். போர்க்காலத்தில் ஒரே கம்பெனியால் அத்தனையும் செய்து கொடுக்க முடியாததால் இந்த ஜீப்புகளுக்குப் பென்டிக்ஸ், ருசெப்பா, ட்ராக்டா, ஸ்பைசர் என்று நாலு வகை மூட்டு பயன்பட்டது. என் வண்டியில் வலப்பக்கம் ருசெப்பா, கூண்டுக்குள் ஆறு குண்டு. இடப்பக்கம் பென்டிக்ஸ், நாலு குண்டும் நடுவில் ஒரு குண்டும். பென்டிக்ஸைப் பிரிக்கும்போது எந்தக் குண்டு எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று குறித்து வைக்க வேண்டும். ஒரு முட்டை அட்டையில் எண் எழுதி ஒவ்வொன்றாக வைத்தேன். இரண்டும் தேயாமல் இருந்தன. கிரீஸ் மாற்றி, அப்படியே திரும்ப உள்ளே போட்டேன்.

கியர் பாக்ஸும், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் பெரிதாகத் தொல்லை கொடுக்கவில்லை. பேரிங்கும் ஆயில் சீலும் மாற்றினேன், அவ்வளவுதான். ஹேண்ட் பிரேக் பிடிக்காததற்குக் காரணம் கேபிள் என்று நினைத்திருந்தேன். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஒரு டிரம்மைச் சுற்றிப் பட்டையாக இருக்கிறது. அந்த இடத்து ஆயில் சீல் கசிந்து பட்டையின் லைனிங் முழுவதும் ஆயிலில் ஊறிப்போயிருந்தது. சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றியிருந்தால் ஒரு மாதத்தில் பழையபடி ஆகியிருக்கும். கால் பிரேக் ஒரே லைனில் ஓடுவது, எங்கே கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர் எதையும் பழையதாக விடவில்லை. பழமையைக் காப்பாற்றுவதற்கு பிரேக்கில் இடம் கொடுக்கக் கூடாது.

மின்சாரம் 6 வோல்ட். 12க்கு மாற்றிவிடு, நன்றாக ஸ்டார்ட் ஆகும் என்று கேட்காத ஆள் இல்லை. 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், அதனால் ஒயரும் இணைப்பும் கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் உடனே தெரிந்துவிடும். என் வண்டியிலும் செல்ஃப் மோட்டார் சோம்பலாகத்தான் சுற்றியது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன். 0.9 வோல்ட் காட்டியது. மொத்தமே ஆறு இருக்கிற இடத்தில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வழியிலேயே போகிறது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய செம்புப் பட்டை இல்லை, அந்த எஸ் எழுத்துக்கு உரிய பட்டைகளில் ஒன்று அது. ஈயம் பூசிய செம்புப் பின்னலில் எல்லாப் பட்டைகளையும் புதிதாகச் செய்து, பல் வைத்த வாஷர் போட்டு, பெயின்ட்டைச் சுரண்டிய இரும்பில் இறுக்கினேன். திரும்ப அளந்தால் 0.1. வயர்லெஸ்ஸுக்காகப் போட்டது ஸ்டார்ட்டருக்கும் உதவியது.

பின் விளக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருட்டில், எதிரிக்குத் தெரியாமல், வரிசையாக ஓட்டுவதற்காகச் செய்த விளக்கு. கண்ணாடியில் சின்னச் சின்னப் பிளவுகள் ஜோடியாக வெட்டியிருக்கும். பின்னால் வரும் ஓட்டுநர் மிகவும் கிட்டே வந்துவிட்டால் ஒவ்வொரு ஒளியும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். சரியான தூரத்தில் இருந்தால் சேர்ந்து இரண்டாகத் தெரியும். பின்தங்கிவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும். ராத்திரி விளக்கைப் போட்டுவிட்டு நான் பின்னோக்கி நடந்துகொண்டே போனேன். ஒளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே வந்தன. தூரம் அளக்க ஒரு கருவியும் இல்லாமல், கண்ணின் குறையையே அளவுகோலாக்கியவர் யாரோ, அவருக்கு மனதாரக் கும்பிடு போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எஞ்சின் பேசியது. முதலில் கைப்பிடியால் சுற்றி ஆயில் ஏற்றினேன், பிறகு செல்ஃப். ஐந்தாவது சுற்றில் பிடித்து, ஒருமுறை இருமி, நின்றது. சோக்கைக் கொஞ்சம் தள்ளினேன், மறுபடி பிடித்தது, நிற்கவில்லை. மேல்நோக்கி நிற்கும் வால்வுகளின் அந்த மெல்லிய டிக்டிக் சத்தம் தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சூடேறிய பிறகு அணைத்து, ஆறவிட்டு, ஹெட்டை மறுபடி இறுக்கினேன். கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் 105க்கும் 110 பவுண்டுக்கும் நடுவே. நண்பர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். நான் ஒடித்த ஸ்டட்டுக்குப் பதில் ஒன்று, நுனியில் எல்.

நிறம் ஆலிவ், துளியும் பளபளப்பு இல்லாதது. தொழிற்சாலையின் வெல்டிங் தெறிப்பு, சுத்தியல் பட்ட தடம் எதற்கும் பட்டி பார்க்கவில்லை. சேசிஸ், தரை, மட்கார்டு எல்லாவற்றுக்கும் புதுப் பூச்சு. போனட்டில் மட்டும் எண் வந்த இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, அதை விட்டுவிட்டு அடித்தேன். 20ம் எஸ்ஸும் இருக்கிற அந்தப் பழைய ஆலிவ் பட்டை மெழுகு பூசி அப்படியே இருக்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பெயின்ட் முடியவில்லையா என்று கேட்கிறார்கள். கிட்டே கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அடியில் ராத்திரியில் இரண்டு சொட்டு விழுகிறது, அந்த சீலைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் ஊசி நடுங்குகிறது. அப்புறம் அந்த எண். போன வாரம் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைப் போனட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். எஸ்ஸுக்கு முந்தைய இடத்தில், வெல்டிங் தொடாத ஓரத்தில், மேல் வளைவு ஒன்று நிழலாக எழுந்தது. 3 ஆக இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். சனிக்கிழமை நண்பர் தன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறார்.